பெஞ்சில் ஓர் இடம்

காலையில் விஜயராஜ் எழுந்து பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினான். குழாயில் தண்ணீர் வருகிற நாள் இல்லை. டிரம்மிலிருந்து ஒரு வாளி மொண்டு பல் தேய்த்தான், குளித்தான். அடுப்படி ஜன்னலில் காப்பி இருந்தது. டம்ளரின் மேல் ஒரு சின்னத் தட்டு மூடியிருந்தது. எடுத்துக் குடித்துவிட்டு டம்ளரை அதே இடத்தில் வைத்தான். சட்டை போட்டான். உள்ளே யாரோ கரண்டியால் பாத்திரத்தை இரண்டு தட்டு தட்டினார்கள். இட்லி ஆயிற்று என்று அர்த்தம். போய் உட்கார்ந்தான். தட்டில் இட்லி இருந்தது, சட்னி இருந்தது, செம்பில் தண்ணீர் இருந்தது. வைத்த ஆள் இல்லை. கதவுக்குப் பின்னால் சேலை நுனி மட்டும் தெரிந்தது.

"பள்ளிக்கொடத்துல இன்னைக்கு இன்சூரன்சுக்குப் போட்டோ புடிக்காவளாம்" என்றது கதவு.

"பத்து மணிக்குப் போகணும்" என்று விஜயராஜ் செம்பிடம் சொன்னான்.

"மாடத்தியும் கூட வாராளாம்."

"சரி."

கதவுக்குப் பின்னால் இருந்தது அவனுடைய மாமியார் வெயிலுகந்தம்மாள். அவர்கள் ஊர்ப்பக்கம் மருமகன் முன்னால் மாமியார் உட்காரமாட்டாள். முகத்துக்கு முகம் நின்று பேசமாட்டாள். அது மரியாதை. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றாலும் அதுதான் மரியாதை. அவன் மனைவி சுதாராணி இருந்தவரை இது ஒரு சிரமமாகவே தெரியவில்லை. அறையில் ஒரு கால், அடுப்படியில் ஒரு கால் என்று அவள் நிலைப்படியில் நிற்பாள்.

"ஏட்டி, அவியளுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு."

நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற அவனுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் சுதாராணி திரும்புவாள். "வேணுமா?"

"போதும்."

"போதுமாம். ஆனா ஒன் சாம்பார்ல உப்பே இல்லையாம். சாம்பாரா வெந்நியான்னு கேக்காவ."

அவன் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான். உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். சுதாராணி நிலையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரிப்பாள்.

போன மாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. என்ன காய்ச்சல் என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. தெரிவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த நிலைப்படியில் நிற்க ஆள் இல்லை. மாமியார் கதவிடமும் அம்மியிடமும் பேசினாள். அவன் செம்பிடமும் செருப்பிடமும் பதில் சொன்னான். வீடு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

எப்படி ஓடுகிறது என்று அவனுக்கே தெரியாது. அவன் பி.காம். படித்தவன். தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதுகிறான். பத்து யூனிட் சரக்கு ஏறி இறங்கினாலும் சாயங்காலம் கணக்கு நேராகிவிடும். இந்த வீட்டுக் காரியங்கள் மட்டும் நேராகவில்லை. எங்கே தொட்டாலும் வேறெங்கோ சுதாராணி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அதை அவிழ்க்க அவளுக்குத்தான் தெரியும்.

ஈ.எஸ்.ஐ. விஷயமும் அப்படித்தான். மாமனார் பூவனநாதன் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனவர்களும் வருஷா வருஷம் ஒரு சின்னத் தொகை கட்டினால் அவர்களுக்கும் மனைவிக்கும் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வைத்தியம் உண்டு. சுதாராணிதான் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவாள். போன வருஷம் மாமனார் இறந்தார். மாமியார் மகள் வீட்டுக்கு வந்தாள். ரேஷன் கார்டில் அம்மா பெயரைச் சேர்த்ததும் சுதாராணிதான். அதன் பிறகும் மாமியாருக்கு மூச்சுத்திணறலுக்கு மாத்திரை வந்துகொண்டுதான் இருந்தது. ஆடியில் ஒருநாள் அவள் வெறும் பையோடு திரும்பி வந்தாள்.

"கார்டு முடிஞ்சிட்டாம்" என்று அம்மியிடம் சொன்னாள்.

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு டிஸ்பென்சரிக்குப் போனான். கவுண்டரில் இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"கார்டு பெரியவர் பேர்ல இருக்கு தம்பி. அவர் போயிட்டாலும் கட்டின காலம் முடியுத வரைக்கும் அம்மாவுக்குப் பாப்போம். இப்போ அது முடிஞ்சிட்டு."

"புதுசாக் கட்டினா?"

"யாருக்குக் கட்டுவீங்க? ரிட்டயர் ஆனவர்தான் இல்லையே."

"அம்மா இருக்காங்கள்லா?"

"அம்மா மில்லுல வேலை பாக்கலையே."

அவன் சரி என்று தலையாட்டினான். வெளியே வந்து சைக்கிளின் பூட்டைத் திறந்தான். செத்துப்போனவர் கார்டு செத்த பிறகும் கொஞ்சநாள் உயிரோடு இருந்திருக்கிறது. அதுவும் இப்போதுதான் செத்திருக்கிறது. அவ்வளவுதான் அவனுக்குப் புரிந்தது.

பிறகு ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினான். இருதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது, மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்யவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். "அரசாங்கத்துல புதுசா இன்சூரன்ஸ் போடுதாங்கள்லா, அந்தக் கார்டு வாங்கிருங்க. வாங்கிட்டா ஒங்களுக்குக் கவலையில்ல. வாங்கலேன்னா…" என்று இழுத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

அந்தக் கார்டுக்குத்தான் இன்று போட்டோ.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற குறுக்குப் பாதையில் கரிசல் மண் செருப்பில் அப்பி, அடிக்கு அடி கால் கனத்துக்கொண்டே வந்தது. விஜயராஜ் முன்னால் போனான். கூப்பிடு தூரம் பின்னால் வெயிலுகந்தம்மாள் வந்தாள். பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள். அவள் நிற்கும்போது அவனும் நிற்பான், திரும்பிப் பார்க்காமல். கூடவே எதிர்வீட்டு மாடத்தி, தன் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

மாடத்தியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சுதாராணியின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த அன்று விஜயராஜின் அம்மா இடைசெவலிலிருந்து வந்திருந்தாள். "பொண்டாட்டி போன வீட்டுல மாமியாக்காரிக்கு என்ன சோலி? ஊரு என்ன பேசும்? கழுகுமலையில அவ தம்பி வீடு இருக்குல்லா, போவச் சொல்லு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். வெயிலுகந்தம்மாள் அதற்கு முன்பே துணிமணிகளை மூட்டை கட்டி வைத்திருந்தாள். அப்போதுதான் மாடத்தி கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று ஓங்கிச் சொன்னாள்.

"எங்க போவாவ? கண்ணை மூடுததுக்கு முன்னால இவரு கையப் புடிச்சுக்கிட்டு 'எங்கம்மாவக் கைவிட்டுராதீங்க'ன்னு சொல்லிட்டுல்லா போயிருக்கா சுதா!"

மாடத்தி ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. விஜயராஜ் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கூட்டம் 'உச்' கொட்டிவிட்டது. அவன் அம்மா வாயை மூடிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் மூட்டை அவிழ்கிற சத்தம் கேட்டது. அவன் எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டான். பிறகு அந்தப் பேச்சு தெருவில் தானாகவே வளர்ந்தது. தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாளாம் என்று பலசரக்குக் கடை அண்ணாச்சி அவனிடமே சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைக் காலி செய்து நடுவில் ஒரு பெஞ்சைப் போட்டிருந்தார்கள். எதிரே மூன்று கால் ஸ்டாண்டில் கேமரா. பக்கத்து மேசையில் கம்ப்யூட்டரும் கைரேகை வைக்கிற சின்னப் பெட்டியும். ஜலதோஷம் பிடித்த ஓர் இளம்பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே சூப்பர்வைசர் ஒருவர், கிருஷ்ணராஜ் என்று பெயர், செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது.

"விஜயராஜ். குடும்பத் தலைவர். வாங்க, பெஞ்சுல உக்காருங்க" என்றாள் அந்தப் பெண். "மனைவி சுதாராணி. வாங்க."

யாரும் வரவில்லை.

"மனைவி வரலையா சார்?"

"வரலை" என்றான். அது தானாக வந்தது.

"அவங்க ரேகை வேணுமே. எப்போ வருவாங்க?"

"வர மாட்டா."

"என்ன மாப்ள, கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாளா?" என்று வரிசையில் ஒரு குரல் கேட்டது. சிரித்தார்கள்.

"வாயில மண்ணப் போடு!" என்று மாடத்தி சீறினாள். "ஏம்மா, அந்தப் புள்ள செத்துப்போச்சு. மாசியில."

சிரிப்பு நின்றது. கம்ப்யூட்டர் பெண் மூக்கைத் துடைத்தாள். "ரேஷன் கார்டுல பேரு இருக்கே சார். அடிக்கலையா?"

"இல்லை."

"ஏன்?"

ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. தாலுகா ஆபீஸ் வரைக்கும் ஒருநாள் போனான். படி ஏறினான், இறங்கினான், வந்துவிட்டான்.

"சரி, வாசல்ல நிக்கிற அவங்க யாரு?"

"மாமியார்."

அவள் கம்ப்யூட்டரில் கீழே போனாள், மேலே வந்தாள். "மனைவி, மகன், மகள், தாய், தந்தை… மாமியார்னு இதுல இல்லையே சார்."

கிருஷ்ணராஜ் வந்து குனிந்து பார்த்தார். மோவாயைத் தடவினார். "மனைவியோட தாயார். மனைவி இருந்தா அவங்க வழியாச் சேக்கலாம். மனைவி இல்லேன்னா பேரை அடிக்கணும். அடிச்சா இவங்க யாரு வழியா வருவாங்க?"

"அப்போ அடிக்காம இருந்தா?" என்று விஜயராஜ் கேட்டான்.

"அடிக்கலேன்னா அவங்க வந்து இங்கன போட்டோவுக்கு உக்காரணும்லா சார்."

அவன் பெஞ்சைப் பார்த்தான். பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது. சுதாராணி இருந்தால் மாமியார் உண்டு. சுதாராணி இல்லையென்றால் மாமியாரும் இல்லை. அப்படியானால் தினமும் காலையில் காப்பி வைப்பது யார்? அதை இவரிடம் கேட்கமுடியாது. ஆனால் வேறு எதைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

கிருஷ்ணராஜ் நல்ல மனிதர். வராந்தாவுக்குப் போய்ப் போன் பண்ணினார். ஒருவர் கூடாது என்றார் போலிருக்கிறது, முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொருவருக்குப் பண்ணினார். அவர் பெரிய ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வரிசை முணுமுணுத்தது. பத்துப் பதினைந்து ஆட்டை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்திருந்த கீதாரிப் பெரியவர், "ஏலே, ஒங்க கணக்கு முடியுததுக்குள்ள என் ஆடு குட்டி போட்டுரும்லே" என்றார். கடைசியில் போன் அடித்தது. கிருஷ்ணராஜ் இரண்டுதரம் "சரிங்க சார்" சொல்லிவிட்டு வந்தார்.

"பெத்தவங்கன்னா ரெண்டு பக்கத்துப் பெத்தவங்களும்தானாம். இவரை நம்பித்தான் அவங்க இருக்காங்கன்னா சேத்துரலாம்னுட்டாங்க. தாய்னே போடும்மா. மனைவி பேருக்கு நேரா 'காலமானார்'னு எழுதிக்கோ."

விஜயராஜுக்கு மூச்சு வந்தது. அந்த 'காலமானார்' டைப் ஆவதை அவன் பார்க்கவில்லை.

"பெரியம்மா, வாங்க. பெஞ்சுல உக்காருங்க" என்று கூப்பிட்டாள் கம்ப்யூட்டர் பெண்.

வெயிலுகந்தம்மாள் வாசலைவிட்டு அசையவில்லை. "நான் நின்னுக்கிடுதேன் தாயி."

"நின்னா தலை வராது பெரியம்மா. கேமராவை ஏத்தக் கூடாது."

"அப்போ கீழ உக்காருதேன்."

"கீழ உக்காந்தா மொகமே வராது."

"தரையில உக்காந்து போட்டோ புடிச்சா மதுரையில ஆபரேசனையும் தரையிலதான் போட்டுப் பண்ணுவான், பாத்துக்கோ" என்றார் கீதாரி.

"அவிய உக்காந்திருக்காவள்லா" என்றாள் வெயிலுகந்தம்மாள், மாடத்தியின் தோளைப் பார்த்து. "அவிய பக்கத்துல சரிசமமா நான் எப்படி உக்காருவேன்? நீ சொல்லு."

விஜயராஜ் சட்டென்று எழுந்து நின்றான். "நான் வேணா நிக்கேன்."

"நீங்கதான் சார் குடும்பத் தலைவர். நீங்க உக்காரணும்."

உட்கார்ந்தான். அவனை விட்டுவிட்டு மாமியாரை மட்டும் எடுக்கலாமா என்றான். ஒரே போட்டோவில் குடும்பம் மொத்தமும் வரவேண்டுமாம். இரண்டு பேருக்கும் நடுவில் மாடத்தி வந்து உட்கார்ந்து பார்த்தாள். வேற்று ஆள் கூடாது என்றார்கள். மாடத்தியின் பையை நடுவில் வைத்து, பெஞ்சின் கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருகிறேன் என்று ஒப்புக்கொண்டாள் வெயிலுகந்தம்மாள்.

"முதுகை எடுத்து நான் என்ன பண்ண?" என்றாள் கம்ப்யூட்டர் பெண். "ஆஸ்பத்திரியில இந்தப் போட்டோவைப் பாத்துத்தான் பெரியம்மா ஒங்களைச் சேப்பாங்க."

"சேக்க வேண்டாம்" என்றாள் வெயிலுகந்தம்மாள். "ஆபரேசனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பொம்பளப்புள்ளயத் தூக்கிக் குடுத்துட்டு, அவ உக்காரவேண்டிய எடத்துல நான் போயி உக்காரவா? நான் கழுகுமலைக்குப் போறேன்."

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வராந்தாவில் இறங்கினாள். நாலடி போவதற்குள் மூச்சு முட்டி, தண்ணீர்க் குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு கறுத்திருந்தது.

"அடுத்த ஆளைக் கூப்பிடவா சார்?" என்று கேட்டாள் கம்ப்யூட்டர் பெண். இன்றோடு இந்தப் பகுதிக்கு முகாம் முடிகிறது. நாளை கழுகுமலைப் பக்கமாம். ஆனால் இந்த ரேஷன் கார்டுக்கு அங்கே எடுக்கமாட்டார்களாம்.

விஜயராஜ் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தான். எழுந்திருக்கவேண்டும் என்று தெரிந்தது. எழுந்து என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை.

மாடத்திதான் வெளியே ஓடினாள். "நீ போவியா? நீ போயிருவியா? ஒன் மவ சாவும்போது என்ன சொல்லிட்டுப் போனா? இந்தத் தம்பி கையப் புடிச்சு… ஏந்தம்பி, இங்கன வாங்க. நீங்களே சொல்லுங்க. அவ என்ன சொன்னா?"

வரிசை முழுவதும் அவனைப் பார்த்தது. கிருஷ்ணராஜ்கூடப் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். விஜயராஜ் எழுந்து வராந்தாவுக்குப் போனான்.

வெயிலுகந்தம்மாள் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். மாடத்தியைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை பார்க்காத அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவே அவ அப்படிச் சொன்னாளா?" என்று கேட்டாள். அவனிடம்தான் கேட்டாள்.

ஆமாம் என்றால் வந்து உட்காருவாளா, இல்லை என்றால் போய்விடுவாளா, எது எப்படி முடியும் என்று கணக்குப் போட அவனால் ஆகவில்லை. பக்கத்தில் போனான். இதுவரை அவ்வளவு பக்கத்தில் போனதில்லை. மாடத்திக்குக்கூடக் கேட்காதபடி, நடந்ததை நடந்தபடி சொன்னான். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

வெயிலுகந்தம்மாள் சுவரிலிருந்து கையை எடுத்தாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா, அழுகையா, சிரிப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அவனைத் தாண்டி உள்ளே போய், பெஞ்சின் கடைசி ஓரத்தில் பாதி உடம்பு வெளியே இருக்கும்படி உட்கார்ந்தாள்.

அவன் போய் இந்த ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கொஞ்சம் கிட்ட வாங்க. ரெண்டு பேரும்தான்."

இரண்டு பேரும் ஒரு சாண் நகர்ந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம்."

"வாங்க அத்தை" என்றான் விஜயராஜ்.

அவள் நகர்ந்தாள். கேமரா பளிச்சென்று வெட்டியது.

"நான் சொல்லல?" என்று மாடத்தி வரிசையைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள். "மவ வாக்குய்யா. கேட்டதும் எப்படி வந்து உக்காந்தா பாத்தியளா!" கீதாரிப் பெரியவர் தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்து தன் முறைதானா என்று கேட்டார்.

கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். கார்டு வர நாளாகும், அதுவரை இந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் கிருஷ்ணராஜ். அதை வைத்தே மதுரையில் சேர்ப்பார்களா, கார்டு வந்த பிறகுதானா என்று விஜயராஜ் கேட்டான். சேர்க்கலாம், எதற்கும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். யாரிடம் கேட்பது என்று அவன் கேட்கவில்லை. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திரும்பும்போதும் அவன்தான் முன்னால் நடந்தான். வெயிலுகந்தம்மாள் பின்னால் வந்தாள். போகும்போது இருந்த தூரம் இப்போது இல்லை. ஓர் இடத்தில் கரிசல் சேற்றில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டது. அவன் திரும்பி வந்து குனிந்து அதைப் பிடுங்கிக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"ராத்திரிக்கு இட்லியா, பரோட்டாவா?" என்று கேட்டாள்.

அவன் நின்றுவிட்டான். அதே கேள்வி.

மாசியில் அந்தக் கடைசி நாள். ஆஸ்பத்திரி வார்டில் ஒருவரைத்தான் கூட இருக்க விடுவார்கள். பகலெல்லாம் இருந்த மாமியார் வெளியே வந்தாள், அவன் உள்ளே போகவேண்டும். அவள் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்து, "சுதாகிட்டக் கேட்டாத் தெரியும், அவியளுக்கு ராத்திரிக்கு இட்லியா பரோட்டாவான்னு" என்றாள். அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். சுதாராணி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. "ராத்திரிக்கு எனக்கு இட்லியா பரோட்டாவான்னு ஒங்கம்மா ஒன்கிட்டக் கேக்கச் சொன்னாங்க" என்றான். அவள் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள், பிறகு வார்டு வாசலைப் பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு வலித்தது. கையை எல்லாம் பிடிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"எனக்கு வாய் வலிக்குது. நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிட்டா என்ன?"